கிராம்பு போடாத பசை

"கட்டி தட்டாம கிண்டிட்டே இருங்க. கிராம்பு தீர்ந்துபோச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு, துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "வேகமா கிண்டாதீங்க, அது வயலின் இல்ல!" என்று ஒரு குரல். கதவு சாத்திக்கொண்டது. மைதாப் பசை அப்போதுதான் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் கரண்டியை நிறுத்தினால் கட்டி விழுந்துவிடும், அப்புறம் வந்து ஒரு பாட்டம் திட்டுவாள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டு அடுப்புக்கு இரண்டு பர்னர். வலதுபக்கம் அவருடையது, இடதுபக்கம் அவளுடையது. இடதுபக்க அடுப்பு எப்போதும் அரைகுறையாகத்தான் எரியும். "ஒரு ஊசி எடுத்துக் குத்தினா சரியாயிடும்" என்று அவர் பலமுறை கிளம்பியிருக்கிறார். அவள் விட்டதில்லை. "அது நல்லா எரிஞ்சா என் பசை அடிப்பிடிக்கும். உங்க ரிப்பேர் புத்தியெல்லாம் முன்ரூமோட நிக்கட்டும்."

முன்ரூம்தான் அவருடைய பட்டறை. அவர் வயலின் ரிப்பேர் செய்பவர். கழுத்து முறிந்தது, வயிற்றில் விரிசல் விட்டது, ஓரம் வாய் பிளந்தது என்று வயலின்கள் அங்கே வந்து நோயாளிகள் மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடக்கும். அவற்றை ஒட்டுவதற்கு வச்சிரம்தான் வேண்டும். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. வெந்நீருக்குள் சட்டியை இறக்கி அதை இளக்கும்போது எழுகிற நாற்றத்துக்குத் தெருநாய்கள் கூட வாசலில் வந்து நின்று யோசிக்கும்.

அவள் புத்தகம் பைண்ட் செய்பவள். கறியும் மீனும் மட்டுமில்லை, பால், தயிர், தேன் எதையும் தொடமாட்டாள். தோல் செருப்பு போடமாட்டாள், பட்டு நூலை ஊசியில் கோக்கமாட்டாள். கல்யாணமாகி வந்தபோது எல்லாரையும் போலத்தான் இருந்தாள். இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் சொன்ன சங்கதிகளைத் தொகுத்து யாரோ ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பைண்ட் பண்ணுன்னு குடுத்ததைப் படிச்சுத் தொலைச்சா, அதோட என் டீயில பால் போச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் அதை மறுத்ததில்லை. அவர் வச்சிரம் காய்ச்சும்போது மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிடுவாள், அவ்வளவுதான். "வயலினை வேற எதிலயும் ஒட்ட முடியாதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "வேற பசை போட்டா ஒட்டிக்கும். அப்புறம் எவனாலயும் பிரிக்க முடியாது. நாளைக்கு ரிப்பேருக்கு வந்தா உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் தன் பசையில் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள். பைண்டர்கள் எல்லாரும் மாவுப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். விஷம், பூச்சி அண்டாது. இவள் போடமாட்டாள். "பசின்னு வர்றதுக்கு விஷம் வெக்கறதா?" கிராம்பை நைசாக இடித்து, பசையை இறக்குகிற நேரத்தில் தூவிக் கலப்பாள். "இந்த வாசனை அதுங்களுக்கு ஆகாது. தானா வேற இடம் பார்த்துக்கும். சொல்லிப் பார்க்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது."

அவளுடைய தங்கை ஒருத்தி, நர்ஸ். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் 'சின்னது'தான். ஒருமுறை டியூட்டி முடிந்து பசியோடு வந்தவள், அடுப்பில் ஆறிக்கொண்டிருந்ததைக் கஞ்சி என்று நினைத்து, உப்புப் போட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டாள். "எல்லாம் சரி, கிராம்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று தீர்ப்பும் சொன்னாள். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வயிறு ஒட்டிக்கிச்சுன்னா சொல்லு, அத்தான் பிரிச்சு விடுவார்."

இதையெல்லாம் நினைத்தபடிதான் அன்றைக்கு அவர் கிண்டிக்கொண்டிருந்தாரா என்று கேட்டால், இல்லை. அவர் எதையும் நினைக்கவில்லை. பசை கெட்டியாகிக் கரண்டியோடு இழுத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரமாகக் கடையில் யாரோடு வம்பளக்கிறாள் என்று தோன்றியபோது போன் அடித்தது. அவளுடைய போனிலிருந்து ஓர் ஆண்குரல். "இந்த அம்மா பஸ் ஸ்டாப்புல நின்னுட்டே இருந்தாங்க. அப்படியே உட்கார்ந்துட்டாங்க."

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனார். அதைப் பின்னால் நினைத்து அவரே வியந்திருக்கிறார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனால் அடுப்பு அணைந்திருந்தது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. துணிப்பையை மடித்தபடியே அவரிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கடை வரைக்கும் அவள் போகவே இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், சின்னதும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டியூட்டிக்குப் போன பிறகு, அவர் அடுக்களைக்குள் வந்தார். பசைச் சட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. மேலே ஏடு படிந்திருந்தது. குளிர்காலம், கெட்டுப்போகவில்லை. ஏட்டை விலக்கிப் பார்த்தார். ஒரு கட்டி இல்லை.

அவளுடைய மேஜையில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு புத்தகம் அழுத்தத்தில் இருந்தது. தைத்து முடித்தாயிற்று, அட்டை போடவேண்டியதுதான் பாக்கி. அட்டையும் நீலத் துணியும் அளவாக வெட்டிப் பக்கத்திலேயே இருந்தன. அவள் செய்வதைப் பார்த்திருக்கிறாரே தவிர, அவர் செய்ததில்லை. செய்தார். அவள் விட்டுப்போன பசையை எடுத்து, துணியில் தடவி, அட்டையை ஏற்றி, மூலைகளை மடித்து ஒட்டினார். மூலைகள் கோணலாக வந்தன. வயலினில் முடி அளவு பிசகினாலும் பிரித்து மறுபடி செய்கிற மனிதர், இதை அப்படியே விட்டார். இத்தனை வருஷமாக ஒரே அடுப்பில் இரண்டு பசை காய்ச்சியவர்கள், ஒரே பசையில் இரண்டு பேரும் கைவைத்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

அலமாரி என்றால் வீட்டு அலமாரி இல்லை. தையல்கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே சிலர் கூடுவார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கையில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு கேட்பார்கள். பித்தான் தைப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், பீன்ஸ் நறுக்குவார்கள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்டால் தூக்கம் வரும் என்பது அவள் கொண்டுவந்த சட்டம். கூலி, தண்ணீர், சிறை, நிலம் என்று எங்கெங்கோ யார் யாரோ பட்ட பாட்டை எழுதிய தாள்களை அவர்களே தேடிப் பிடித்து, மொழிபெயர்த்து, அச்செடுத்துக் கொடுப்பார்கள். அவள் பைண்ட் செய்து அலமாரியில் ஏற்றுவாள். எடுத்துப் படிக்கிறவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். எழுதாமல் திருப்பிக் கொடுத்தால்தான் வசவு. ஒருவர் "இது சரியில்லை" என்று எழுதியிருப்பார். கீழே இன்னொருவர் "ஏன் சரியில்லை, சொல்லிவிட்டுப் போ" என்று எழுதியிருப்பார். சில பக்கங்களில் நடுவில் இருக்கிற எழுத்தைவிட ஓரத்துச் சண்டை பெரிதாக இருக்கும். அவளுடைய எழுத்து சின்னதாக, சாய்வாக, எல்லாப் புத்தகத்திலும் இருந்தது.

படித்து முடித்ததும் சாப்பாடு. பருப்பு சூப்பு, ரொட்டிக்காரர் கொண்டுவரும் பாலும் வெண்ணெயும் சேராத ரொட்டி, வேகவைத்த கடலை, வேர்க்கடலைப் பாலில் போட்ட டீ. அந்த டீயை முதல்முதலில் குடித்த அன்று அவர், "பெயின்ட் பிரஷ்ஷைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் மாடிக்கு ஏறுமுன் தெருமுனைக் கடையில் பால் டீ ஒன்றைக் குடித்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். "மீசையைத் துடைச்சுக்குங்க" என்பாள் அவள், தலை நிமிராமலே.

கூட்டத்தில் அவர் சேர்ந்தவரும் இல்லை, சேராதவரும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் வயலின் வாசிப்பார். முதல் நாளே ரொட்டிக்காரர் கேலியாக, "வில்லுல குதிரை வாலு, உடம்பெல்லாம் மாட்டுத்தோல் பசை. இதை உள்ள விடலாமா, ஓட்டுப் போடுவோமா?" என்று கேட்டார். "நீங்க ஓட்டுப் போடுங்க, நான் வெளியவே இருக்கேன்" என்று வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த விளையாட்டே வழக்கமாகிவிட்டது. உள்ளே அவர்கள், வெளியே அவர். கதவு மட்டும் திறந்திருக்கும். அவள் கதவோரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். அவர் வாசிக்கிற மெட்டைக் கூடவே முனகுவாள். நூல் தீர்ந்தால் பாட்டும் நின்றுவிடும். மறுபடி ஊசியில் நூல் கோத்ததும் விட்ட இடத்திலிருந்து இல்லை, தோன்றின இடத்திலிருந்து தொடங்குவாள்.

அவள் போன பிறகு, "உள்ள வந்து வாசிங்களேன்" என்று வாத்தியார் ஒருநாள் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார்; கூட்டத்தில் உரக்கப் படிக்கிற குரல் இப்போது அவருடையதுதான். "இங்கயே இருக்கேன்" என்றார் இவர். இப்போதும் பால் டீயைக் குடித்துவிட்டுத்தான் மாடி ஏறினார். ஏறுமுன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் ஒரு புத்தகத்தைத் திறந்ததும் வெள்ளி நிறத்தில் ஏதோ பக்கத்திலிருந்து வழுக்கி மேஜையில் விழுந்து ஓடியது. மீன்குஞ்சு மாதிரி. புத்தகப் பூச்சி. அலமாரியைக் குடைந்து பார்த்தார்கள். முதுகுத் துணிகள் சுரண்டப்பட்டிருந்தன. ஓரங்கள் பொத்தலாகியிருந்தன. பென்சில் எழுத்துகள் இருந்த இடங்களில் ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது.

அந்த வாரமே கீழிருந்து தையல்கடைக்காரர் மேலே வந்தார். கட்டடமே அவருடையதுதான். கையில் கஞ்சி போட்ட துணி ஒன்றைப் பிடித்திருந்தார், நடுவில் அரித்திருந்தது.

"உங்க புத்தகத்துல என்ன புரட்சி வேணும்னாலும் நடக்கட்டும். என் துணியில நடக்கக் கூடாது" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமை மூடி விஷப்புகை போடணும். ஆளை நானே கூட்டிட்டு வர்றேன். முடியாதுன்னா அலமாரியைத் தூக்கிட்டு வேற இடம் பாருங்க."

அவர் படியிறங்கினார். பிறகு எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

"வேற வழி எனக்குத் தெரியல" என்றார் வாத்தியார். "விட்டா அலமாரியே மண்ணாயிடும்."

"அக்கா இருந்திருந்தா புகைக்கு ஒத்துக்குவாங்களா?" என்றார் ரொட்டிக்காரர். "துத்தமே போடாத மனுஷி."

"அக்கா இருந்திருந்தா பூச்சியே வந்திருக்காது" என்றாள் சின்னது. கையில் பீன்ஸை வைத்துக்கொண்டு நறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் ரொட்டிக்கடையில ஃப்ரீசர் இருக்கு. நாலஞ்சு நாள் உள்ள வெச்சோம்னா…"

"வெச்சா? விறைச்சுச் சாகும். புகையில செத்தா கொலை, குளிர்ல செத்தா இயற்கை மரணமா?"

"அப்ப பூச்சிக்கும் ஒரு ஓட்டைக் குடுத்துடுவோமே!"

"குடுத்தா அதுங்கதான் ஜெயிக்கும். நம்மைவிடக் கூட்டம் ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. வராந்தா நாற்காலியில் வயலினை மடியில் வைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். புகை போட்டால் புத்தகங்கள் பிழைக்கும். ஆனால் அவள் தைத்து ஒட்டிய ஒவ்வொன்றின் மேலும், அவள் வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று தள்ளிய விஷம் படியும். போடாவிட்டால் அவள் கையெழுத்தைப் பூச்சி தின்று தீர்க்கும். எப்படிப் பார்த்தாலும் இன்னொரு முறை அவளை வாரிக் கொடுப்பதுதான்.

"வயலின்காரரே, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார் வாத்தியார்.

அவர் வயலினை நாற்காலியில் கிடத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். என்ன சொல்வதென்று தெரிந்து போகவில்லை. சும்மா போய் அலமாரி முன்னால் நின்றார்.

சின்னதும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு புத்தகத்தை எடுத்து, திறக்காமல், முதுகை மூக்கருகே கொண்டுபோனாள். "அத்தான், இன்னும் வாசனை வருது பாருங்க. அக்கா கை." அவரும் முகர்ந்தார். கிராம்பு, மங்கலாக. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். மேல்தட்டில் எல்லாவற்றிலும் இருந்தது. அங்கே சேதமும் குறைவு. கீழே வர வர அரிப்பு கூடியது. நடுத்தட்டில் நீலத் துணி போட்ட ஒரு புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தவைதான் மோசமாகக் கிடந்தன. அந்த நீலப் புத்தகத்தைச் சின்னது வெளியே இழுத்தபோது பூச்சிகள் உதிர்ந்து நாலாபக்கமும் ஓடின.

மூலைகள் கோணலாக இருந்தன.

சின்னது முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு நகத்தால் அட்டையின் உள்பக்கத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி, நாக்கில் வைத்தாள். ரொட்டிக்காரர், "ஐயே, என்னம்மா பண்றே?" என்றார். பசையைச் சாப்பிட்டுப் பார்த்த ஆள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

"இதுல கிராம்பே இல்லையே அத்தான்" என்றாள். "அக்கா எப்படிப் போடாம விட்டா?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதம் அது அவர் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

"கிராம்பு வாங்கத்தானே போனா. அட்டையை ஒட்டினது நான்" என்றார்.

சின்னது புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கீழே தையல் மிஷின் ஓடி நின்றது. யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வாத்தியார் கடைசியில். "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

நல்லதுக்குச் செய்தார். அவள் வேலையை முடித்துவைக்கிறேன் என்று கிளம்பி, அவள் வேலை அத்தனைக்கும் நடுவில் கொண்டுபோய்ப் பூச்சிக்குப் பந்தி விரித்துவிட்டார்.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. இந்தப் பூச்சிக்கு வெயில் ஆகாது என்பது சின்னதுக்கு இப்போதுதான் உறைத்தது. வருஷத்தில் ஒருமுறை அக்கா இந்தப் புத்தகங்களையெல்லாம் மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்ததை அவள் ஒருநாள் எதேச்சையாகப் பார்த்திருந்தாள். ஏதோ தூசி தட்டுகிறாள் என்று நினைத்தாளாம். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவரும்தான். பெரிய பையோடு கிளம்பிப் போவாள், முகம் கறுத்துத் திரும்பி வருவாள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. கேட்டால் மாடிக்கு மூட்டை தூக்கச் சொல்லுவாளோ என்ற பயமும் கொஞ்சம் உண்டு.

புத்தகங்களைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் நிற்கவைத்து விரித்தார்கள். பூச்சிகள் பக்கங்களிலிருந்து கொட்டி, நிழல் தேடி, சுவர்ப் பொந்துகளுக்குள் ஓடி மறைந்தன. யாரும் மிதிக்கவில்லை. அரித்த முதுகுகளுக்குப் புதுப் பசை போட்டு, புதுத் துணி ஒட்டுவது என்று முடிவாயிற்று. பசை காய்ச்சுவது அவர் பொறுப்பு. தையல்கடைக்காரர் மேலே வந்து, இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார். "புகைக்கு ஆளைச் சொல்லி வெச்சிருக்கேன். இப்போதைக்கு வர வேணாம்கறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாலும் நான் பொறுக்கமாட்டேன்" என்று இறங்கிப் போனார்.

நீலப் புத்தகம் மட்டும் தனியாகக் கிடந்தது.

"இதைத் தண்ணியில நனைச்சுப் பசையைக் கழுவி எடுத்துடலாம் அத்தான்" என்றாள் சின்னது. "வேற பசை போட்டு மறுபடி ஒட்டிக்கலாம். தையல் அப்படியே இருக்கும்."

குளிர்பதனக் கிடங்கில் மீன் அடுக்குகிற பெண்கள் சொன்னவை அந்தப் புத்தகத்தில் இருந்தன. வாத்தியார் வீட்டில் அச்செடுத்த தாள் இன்னொரு கட்டு இருந்தது. அதனால் அந்தப் பெண்களின் பேச்சு தொலைந்துபோகாது. புதிது என்பதால் ஓரத்தில் யாரும் இன்னும் பென்சில் வைக்கவில்லை. பூச்சிகள்தான் முதலில் எழுதியிருந்தன. அவர் திறந்த பக்கத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள்: சாயங்காலம் வெளியே வந்து டீ டம்ளரைப் பிடித்தால்தான் தனக்கு விரல் இருப்பதே தெரியும் என்று. 'விரல்' என்ற இடத்தில் ஓட்டை. அடுத்த பக்கம் தெரிந்தது.

"கழுவ வேணாம்" என்றார்.

"அப்புறம்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"பூச்சியோடவா?"

"பசிக்கு வந்துச்சு. இருக்கறதைச் சாப்பிட்டு முடிக்கட்டும்."

சின்னது அவர் முகத்தையே பார்த்தாள். அக்காவாக இருந்தால் இதற்கு ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பாள். இவளுக்கு வரவில்லை. ஒரு துணியை எடுத்து, உள்ளே இருந்தவை சிந்தாமல் புத்தகத்தைச் சுற்றிக் கொடுத்தாள். "வயலின் பக்கத்துல வெக்காதீங்க அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அவளுடைய மாவு டப்பா காலியாக இருந்தது. அதில் வைத்து, மூடியை அழுத்தாமல் மேலே சாத்தினார்.

மறுநாள் காலை கிராம்பு வாங்கப் போனார். அந்தப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். இத்தனை மாதம் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனவர். ஸ்டாப்பில் ஒரு பெண் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சிமென்ட் பெஞ்சில் ஒரு செய்தித்தாள் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஏதாவது இருக்கும் என்று தான் நினைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மளிகைக்கடைக்காரர் கிராம்பு டப்பாவைத் திறந்தபடி, "சமையலுக்கா, பல்வலிக்கா?" என்றார்.

"பசைக்கு."

கடைக்காரர் நிமிர்ந்து சிரித்தார். "அட! ஒரு அம்மா வருவாங்க, அவங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க. பசைக்குப் போடற கிராம்பு நல்லதா குடுங்க, பூச்சி கூட மூக்கைப் பிடிச்சுக்கணும்பாங்க. ரொம்ப நாளா ஆளையே காணோம்."

அவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"தெரியும்."

"வேற கடை பார்த்துக்கிட்டாங்க போல. பார்த்தீங்கன்னா சொல்லுங்க, இப்ப வந்திருக்கற சரக்கு முன்னதைவிட நல்ல சரக்கு."

"சொல்றேன்" என்றார். அந்தத் தெருவில் இன்னும் ஒருவருக்கு அவள் வேறு கடைக்குப் போகிறவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. திரும்பும்போதும் அதே பஸ் ஸ்டாப் வழியாகத்தான் வந்தார். குடைக்காரிக்குப் பஸ் வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, கிராம்பை உரலில் இடித்துத் தயாராக வைத்துக்கொண்டார். முதலில் இடித்துவிட்டுத்தான் சட்டியையே ஏற்றினார். புதிதாக வாங்கிவந்த மைதாவைக் கரைத்து இடதுபக்கம் வைத்தார். மாவு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்தப் பூச்சிகள் தின்றால் சத்தம் கேட்காது. நீலத் துணி போனால் அட்டை, அட்டை போனால் தாள், எல்லாம் போனால் அவள் தைத்த நூல் மட்டும் டப்பாவின் அடியில் மிஞ்சும். நூலையும் தின்னுமோ என்னவோ. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

வயலின் இல்லை, மெதுவாகக் கிண்டினார். பசை தெளிய நேரம் பிடித்தது. வலதுபக்க அடுப்பு காலியாகத்தான் இருந்தது. மாற்றி வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். குனிந்து தீயைப் பார்த்தார்.

இடதுபக்க அடுப்பு அரைகுறையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.